வண்டலில் புதிய ஒளிச்சேர்க்கை பாக்டீரியா: 16எஸ், முழு ஜீனோம், பண்புச் சோதனை, மெட்டாஜீனோம் – எதை முதலில் செய்வது?

ஏரிச் சேற்றையோ கழிமுக வண்டலையோ கண்ணாடிக் குப்பியில் இட்டு வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, பழுப்பு நிறத் திட்டுகள் எழும். அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுத்து 16எஸ் (எல்லா பாக்டீரியாவிலும் உள்ள ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு) வரிசையைப் பார்த்தபின் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே பெயரிடப்பட்ட மிக நெருங்கிய சிற்றினத்தோடு 98.4 சதவீதமோ 99.1 சதவீதமோ ஒத்துப்போகிறது. இது புதிய சிற்றினமா? அடுத்த மாதப் பணத்தையும் உழைப்பையும் ஜீனோமில் (உயிரியின் முழு டிஎன்ஏ வரிசையில்) போடுவதா, நிறமி, கொழுப்பு அமிலச் சோதனைகளில் போடுவதா? பிரிக்கவே முடியாத உயிரியென்றால் நேராக மெட்டாஜீனோமுக்கு (வளர்க்காமலே வண்டலிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் வரிசையாக்குவதற்கு) போய்விடலாமா?

இங்கே பேசுவது ஆக்சிஜனை வெளியிடாத வகைகளைப் பற்றி மட்டும்: ஊதாக் கந்தக பாக்டீரியா, கந்தகம் சாராத ஊதா பாக்டீரியா, பச்சைக் கந்தக பாக்டீரியா, ஹீலியோபாக்டீரியா. சயனோபாக்டீரியாவின் பெயரிடல் தாவரவியல் விதிகளோடும் பின்னிக் கிடக்கிறது. அது தனியாகப் பேச வேண்டியது.

## எந்த அளவுகோல்களால் எடை போடுவது

முதல் அளவுகோல், முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும் என்பது. புரோகேரியோட்டுகளுக்கான பெயரிடல் விதித்தொகுப்பின்படி செல்லுபடியாகும் பெயர் வேண்டுமென்றால், உயிருள்ள தூய வளர்ப்பு இருந்தே ஆக வேண்டும். அது இரண்டு வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு வளர்ப்புச் சேமிப்பகங்களில், யார் கேட்டாலும் கிடைக்கும்படி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஏரியின் வண்டலில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரிகள் எவை என்று அறிவது மட்டுமே நோக்கம் என்றால் இத்தனை பாடு வேண்டியதில்லை.

இரண்டாவது, தூய்மை. மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கே அதிக எடை. கலந்த வளர்ப்பை எந்த நவீனக் கருவியில் போட்டாலும் வருவது கலந்த விடைதான். குளோரோசூடோமோனாஸ் எத்திலிகா என்ற பெயரில் ஒரு பச்சை பாக்டீரியா நெடுநாள் தனிச் சிற்றினமாகவே கருதப்பட்டது. பிறகுதான் அது ஒரு பச்சைக் கந்தக பாக்டீரியாவும் நிறமற்ற ஒரு கந்தக ஒடுக்கியும் சேர்ந்த கூட்டு என்பது தெரிந்தது. ஒன்று சல்ஃபைடைக் கந்தகமாக்கும்; மற்றது அந்தக் கந்தகத்தைத் திரும்பச் சல்ஃபைடாக்கிக் கொடுக்கும். இப்படி ஒன்றையொன்று ஊட்டி வளர்ந்ததால் ஒரே உயிரிபோலத் தெரிந்தது. அந்த நிறமற்ற துணைக்கு 1976-ல் டீசல்ஃபூரோமோனாஸ் அசிட்டாக்சிடன்ஸ் என்ற பெயர் கிடைத்தது. எத்தில் ஆல்கஹாலையும் அசிட்டேட்டையும் உண்ணும் வினோதமான பச்சை பாக்டீரியா என்று எழுதப்பட்ட பண்புகளில் முக்கியமானவை பச்சை பாக்டீரியாவின் பண்புகளே அல்ல.

மூன்றாவது, நெருங்கிய உறவினரைப் பிரித்துக் காட்டும் திறன். நான்காவது, தொடங்கும்போது கணக்கில் வராத செலவு. கடைசி இரண்டிலும்தான் இந்த வழிகள் பெரிதும் வேறுபடுகின்றன.

## அதற்கும் முன்னால் ஒரு தேர்வு: செறிவூட்டலா, நேரடி நீர்த்தலா

புதிய சிற்றினம் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. செறிவூட்டல் என்றால் வண்டலை ஊடகத்தில் கலந்து வளரவிட்டு, வளர்ந்ததிலிருந்து பிரிப்பது. எளிது, உறுதியாக ஏதாவது வளரும். ஆனால் வேகமாகப் பெருகுவதே வெல்லும். கந்தகம் சாராத ஊதா வகையில் ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸும் ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸும், கந்தக வகையில் அலோகுரோமேஷியம் வினோசமும் வயலில் களைபோல முந்திக்கொள்ளும். வண்டலில் எண்ணிக்கையில் மிகுந்திருந்த மெதுவான உயிரி இரண்டாம் மறுவளர்ப்பிலேயே காணாமல் போயிருக்கும்.

நேரடி நீர்த்தலில் வண்டலையே அகார் குழாய்களில் படிப்படியாக நீர்த்து, கடைசிக் குழாய்களில் வரும் தனித்தனிக் குடியிருப்புகளை எடுக்கிறோம். அங்கே வளர்வது அந்த வண்டலில் அதிகமாக இருந்த உயிரி. உழைப்பு கூடுதல், சில நேரம் எதுவும் வளராது. இருந்தாலும் புதியதைத் தேடுபவர் இதையே முதலில் செய்ய வேண்டும். செறிவூட்டல் குப்பிகளைப் பக்கத்தில் காப்பீடாக வைத்துக்கொள்ளலாம்.

குழாய் முறை இப்படி: நன்றாகக் கழுவிய அகாரை 1.8 சதவீதக் கரைசலாக்கி, குழாய்க்கு 3 மில்லிலிட்டர் ஊற்றி, கிருமிநீக்கி 55 டிகிரியில் வைக்கவும். ஒவ்வொன்றிலும் 40 டிகிரிக்குச் சூடேற்றிய ஊடகம் 6 மில்லிலிட்டர் சேர்க்கவும். முதல் குழாயில் மாதிரியைச் சில சொட்டு விட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, அதிலிருந்து 0.5 முதல் 1 மில்லிலிட்டரை அடுத்ததற்கு மாற்றவும். ஆறு முதல் எட்டுக் குழாய்கள் போதும். குளிர்நீரில் உறையவைத்து, மேலே உருக்கிய பாரஃபின் மெழுகும் பாரஃபின் எண்ணெயும் கலந்த அடுக்கை ஊற்றி மூடவும். உடனே வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. சுமார் 12 மணி நேரம் இருட்டில் இருந்தால் உள்ளே மிஞ்சிய ஆக்சிஜனைச் சல்ஃபைடு தின்றுவிடும். அதற்கு முன்பே ஒளி பட்டால் ஆக்சிஜனும் நிறமியும் சேர்ந்து செல்லைக் கொல்லும். குழாய் முழுக்க வெறுமையாகக் கிடப்பதற்கு ஊடகத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் படியைச் சரிபாருங்கள். தனிக் குடியிருப்பை எடுத்து இதே வரிசையைக் குறைந்தது இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டும்.

ஊடகத்தில் மூன்று விஷயங்கள் கெடுக்கும். ஒன்று உப்பு: கடல் வண்டலுக்கு 2 முதல் 3 சதவீதம் சோடியம் குளோரைடு இல்லாவிட்டால் வரவேண்டியது வராது. மாதிரி எடுத்த இடத்திலேயே உப்புத்தன்மையையும் அமிலகாரத்தன்மையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சல்ஃபைடு: ஒன்பது நீர்மூலக்கூறு கொண்ட சோடியம் சல்ஃபைடு லிட்டருக்கு 0.24 கிராம் என்றால் 1 மில்லிமோலார். பச்சைக் கந்தக பாக்டீரியாவுக்கு இதைவிடக் கூடுதலாகத் தரலாம், பெரிய செல் கொண்ட ஊதா வகைகளுக்கு இதற்கும் குறைவாகத் தொடங்கி, மஞ்சள் கந்தகத் துளிகள் மறைந்தபின் நடுநிலையாக்கிய சல்ஃபைடைச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். அமிலகாரத்தன்மை பச்சைக்கு 6.8 அருகிலும் ஊதாவுக்கு 7.3 அருகிலும் இருக்கட்டும். மூன்று வைட்டமின் பி12: இது இல்லாமல் பல வகைகள் முதல் வளர்ப்பில் வளர்ந்துவிட்டு மறுவளர்ப்பில் நின்றுவிடும். வண்டலோடு வந்த பி12 தீர்ந்ததுதான் காரணம்.

ஒளியைப் பற்றியும் இங்கேயே. வெள்ளை எல்இடியிலும் டியூப்லைட்டிலும் 750 நானோமீட்டருக்கு மேல் ஒளி ஏறத்தாழ இல்லை. அதில் பாசியும் சயனோபாக்டீரியாவும்தான் களிக்கும். டங்ஸ்டன் இழை விளக்கோ, பெரும்பாலான ஊதா வகைகளுக்கு மட்டும் 850 முதல் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியோ வையுங்கள். இழை விளக்கு சூடேற்றும். பக்கத்தில் நீர் நிரப்பிய வெற்றுக் குப்பியில் வெப்பமானி வைத்து 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைக் கந்தக பாக்டீரியா மங்கலான ஒளிக்குப் பழகியது, அதற்கு விளக்கைத் தள்ளி வையுங்கள். ஹீலியோபாக்டீரியா வேண்டுமென்றால் மாதிரியை 80 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தபின் தொடங்கலாம். அவற்றின் வித்துகள் பிழைக்கும், மற்றவை பெரும்பாலும் மடியும்.

## நான்கு வழிகளும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | 16எஸ் மட்டும் | முழு ஜீனோம் | பண்புச் சோதனைகள் | மெட்டாஜீனோம் |
|---|---|---|---|---|
| தூய வளர்ப்பு | வேண்டும் | கட்டாயம் | கட்டாயம் | தேவையில்லை |
| பிரிக்கும் திறன் | பேரினம் வரை நன்று. சிற்றினத்தில் தடுமாறும் | மிக நன்று | தனியாகப் போதாது | ஜீனோம் முழுமையைப் பொறுத்தது |
| காலம் | நாட்கள் | வாரங்கள் | மாதங்கள் | வாரங்கள் முதல் மாதங்கள் |
| மறைந்திருக்கும் செலவு | தவறான ஒப்பீடு | உறவினர் ஜீனோம் இல்லாமை | உறவினர் வளர்ப்புகளை வாங்கி வளர்ப்பது | கணினித் திறன், உடைந்த ஜீனோம் |
| கிடைக்கும் பெயர் | எதுவுமில்லை | தனியாக இல்லை | தனியாக இல்லை | கேண்டிடேட்டஸ் (தற்காலிகப் பெயர்), அல்லது சீக்கோடு (ஜீனோமை மாதிரியாக ஏற்கும் விதித்தொகுப்பு) பெயர் |

## வழி 1: 16எஸ் வரிசை மட்டும்

மலிவானது, வேகமானது. எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும். இங்கேயே நிற்பதில்தான் தவறு. பழைய எல்லை 97 சதவீதம். இப்போது நடைமுறையில் 98.7 சதவீதத்தை எல்லையாகக் கொள்கிறார்கள். இந்த எல்லை ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்கிறது: அதற்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மேலே இருந்தால் எதையும் சொல்ல முடியாது. ரோடோசூடோமோனாஸில் 16எஸ் வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க, ஜீனோம் அளவில் சிற்றின எல்லையைத் தாண்டி விலகி நிற்கும் வளர்ப்புகள் ஒரே பெயரில் இருந்திருக்கின்றன.

இன்னொரு கணக்கு. 1,450 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள வரிசையில் 98.7 சதவீதம் என்றால் வேறுபாடு சுமார் 19 காரங்கள் மட்டுமே. வரிசையின் இரு முனைகளிலும் சேர்த்து, தெளிவற்ற நான்கு காரங்களை வெட்டாமல் விட்டால் விடை 0.3 சதவீதம் நகர்ந்துவிடும். 98.4-ஐயும் 98.7-ஐயும் பிரிப்பது அந்த 0.3தான். எனவே குரோமட்டோகிராமை (வரிசையாக்கக் கருவி தரும் உச்ச வரைபடத்தை) கண்ணால் பார்த்து வெட்டுங்கள், இரு திசையிலும் வரிசையாக்குங்கள், பெயரிடப்பட்ட சிற்றினங்களின் மாதிரி வளர்ப்புகளோடு (அந்தப் பெயருக்கு அடையாளமாகச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்ட வளர்ப்புகளோடு) மட்டும் ஒப்பிடுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் மேலே வரும் முதல் பத்து முடிவுகள் வளர்க்கப்படாத உயிரிகளாகவோ தவறான பெயரில் இடப்பட்டவையாகவோ இருக்கலாம். ரோடோபாக்டர் ஸ்ஃபெராய்டிஸ் இப்போது சீரிபாக்டர் பேரினத்தில் வைக்கப்படுகிறது. இப்படிப் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் ஒரே உயிரி வருவதும் குழப்பும்.

இதனோடு ஒளிச்சேர்க்கை மையப் புரதத்துக்கான பஃப்-எம் மரபணுவையும் ஊதா வகைகளில் பார்த்துவிடுவது நல்லது. பச்சைக் கந்தக வகைகளில் அந்த மரபணு இல்லை, அவற்றுக்கு எஃப்எம்ஓ புரத மரபணு. 16எஸ் கிளையும் பஃப்-எம் கிளையும் இருவேறு இடத்தைக் காட்டினால் இரண்டு காரணங்கள்தான்: ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் பக்கவாட்டில் கைமாறியிருக்கலாம், அல்லது வளர்ப்பு தூய்மையாக இல்லை. இரண்டாவதையே முதலில் சந்தேகியுங்கள்.

எப்போது இது போதும்: இருபது முப்பது குடியிருப்புகளில் எதைத் தொடர்வது என்று வடிகட்டும்போது, சூழலியல் கணக்கெடுப்புக்கு.

## வழி 2: ஜீனோம் முதலில்

தூய வளர்ப்பு கையில் இருந்து, 16எஸ் ஒற்றுமை 97-க்கும் 99.5-க்கும் இடையில் இருந்தால் அடுத்த காசு இதில்தான் போக வேண்டும். பண்புச் சோதனைகளுக்கு முன்பே. மாதக்கணக்கில் கொழுப்பு அமிலமும் குவினோனும் பார்த்து முடித்தபின் ஜீனோம் ஒற்றுமை 97.8 என்று வந்தால், அத்தனையும் ஏற்கெனவே உள்ள ஒரு சிற்றினத்தின் விவரணையாகச் சுருங்கிவிடும்.

எல்லைகள் இரண்டு. சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (இரு ஜீனோம்களின் பொதுப் பகுதிகள் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) 95 முதல் 96 சதவீதம். டிஜிட்டல் டிஎன்ஏ கலப்பு மதிப்பு 70 சதவீதம். இது ஆய்வகத்தில் டிஎன்ஏவைக் கலந்து பார்த்த 1987 காலத்து எல்லையின் கணினி வடிவம். டிஜிட்டல் கலப்பில் மூன்று சூத்திரங்கள் இருக்கும். முழுமையடையாத ஜீனோமுக்கு நம்பத் தகுந்தது இரண்டாவது. சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 94-க்கும் 96-க்கும் இடையில் விழுந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், கலப்பு மதிப்பையும் பல மரபணுக்களைச் சேர்த்து வரைந்த உறவுமரத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

வரிசையாக்கத்தின் ஆழம் குறைந்தது 50 மடங்கு இருக்க வேண்டும். 50 லட்சம் காரங்கள் கொண்ட ஜீனோமுக்கு அது 25 கோடி காரங்கள். அதன்பின் இரண்டு சோதனைகளைத் தவிர்க்கவே கூடாது. ஒற்றைப்படி மரபணுக்களை (ஒரு ஜீனோமில் ஒருமுறை மட்டுமே இருக்க வேண்டியவற்றை) எண்ணி மாசு அளவைப் பார்ப்பது ஒன்று. ஜீனோமுக்குள் இருக்கும் 16எஸ் வரிசையை எடுத்து, தனியாக வரிசையாக்கியதோடு பொருத்திப் பார்ப்பது மற்றொன்று. பொருந்தவில்லை என்றால் குழாய் மாறியிருக்கிறது, அல்லது வளர்ப்பில் வேறொன்று ஒளிந்திருக்கிறது. ஊதாக் கந்தக வளர்ப்புகளில் பெரும்பாலும் அது டீசல்ஃபோவிப்ரியோ என்ற சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியா. லாக்டேட், சல்ஃபேட், கொஞ்சம் ஈஸ்ட் சாறு சேர்த்த ஊடகத்தில் இருட்டில் வைத்தால் அது வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். டிஎன்ஏ எடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் ஒரு வரிசையாக்கச் செலவு மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு ஒப்பிட வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. நெருங்கிய உறவினரின் மாதிரி வளர்ப்புக்கு ஜீனோம் இன்னும் வெளியாகவில்லை என்றால், அந்த வளர்ப்பை வாங்கி, வளர்த்து, வரிசையாக்குவதும் உங்கள் பொறுப்பு. திட்டம் எழுதும் நாளிலேயே தரவுத்தளத்தில் இதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

## வழி 3: பண்புச் சோதனைகள்

ஜீனோம் வந்தபின் இவை தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. செல்லுபடியாகும் விவரணைக்கு இவை இன்னும் வேண்டும். ஆக்சிஜன் வெளியிடாத ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவை விவரிக்க எவை எவை வேண்டும் என்று 2004-ல் தனிப் பரிந்துரைகளே வெளியாகின. அதைவிட, ஜீனோம் சொல்லாததை இவை சொல்கின்றன: மரபணு இருப்பது ஒன்று, அது வேலை செய்வது வேறு.

உயிருள்ள செல்லின் ஒளி உறிஞ்சல் நிறமாலைதான் எல்லாவற்றிலும் மலிவும் பயனும் மிக்கது. 3.5 மில்லிலிட்டர் செல் கலவையில் 5 கிராம் சர்க்கரையைக் கரைத்து அளந்தால் ஒளிச்சிதறல் அடங்கி உச்சங்கள் தெளிவாகத் தெரியும். பாக்டீரியோகுளோரோஃபில் ஏ என்றால் 800-லும் 850 முதல் 890 வரையிலும் உச்சங்கள் வரும். பி என்றால் 1,015-ஐத் தாண்டும். சி, டி, ஈ வகைகள் 715 முதல் 755 வரை. ஹீலியோபாக்டீரியாவின் ஜி 788 அருகில். கருவி 900-லேயே நின்றுவிட்டால் பி வகையைப் பார்க்கவே முடியாது. 1,100 வரை போகும் கருவியைத் தேடுங்கள்.

அடுத்து மின்னணு நுண்ணோக்கி. உள்சவ்வு குமிழ்களா, அடுக்குகளா, குழல்களா, அல்லது பச்சை வகைகளின் குளோரோசோம்களா (ஒளியைப் பிடிக்கும் நிறமிப் பைகளா)? கந்தகத் துளி செல்லுக்குள்ளா வெளியிலா? இந்தக் கேள்விகள் பேரினத்தையே மாற்றக்கூடியவை. கரோட்டினாய்டுகள், கொழுப்பு அமிலங்கள், குவினோன்கள், முனைவுக் கொழுப்புகள் ஆகியவற்றில் பெரும்பாலும் அடையாளம் உறுதிப்படும். முடிவு தலைகீழாவது அரிது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், நெருங்கிய உறவினர்களின் மாதிரி வளர்ப்புகளையும் அதே ஊடகத்தில், அதே ஒளியில், அதே வளர்ச்சிக் கட்டத்தில் வளர்த்து அளக்க வேண்டும். வேறொருவர் வேறு வெப்பநிலையில் அளந்த கொழுப்பு அமில எண்களைப் பக்கத்து நிரலில் ஒட்டுவது ஒப்பீடு ஆகாது. ஒளி மங்கினால் நிறமி கூடும். வெப்பம் மாறினால் கொழுப்பு அமிலம் மாறும். மெதுவாக வளரும் கந்தக வகைகளில் போதுமான செல்லைத் திரட்டுவதற்கே வாரங்கள் போகும்.

## வழி 4: வளர்க்காமல் மெட்டாஜீனோம்

பல மாதம் முயன்றும் பிரியாத உயிரிகள் இருக்கின்றன. அகாரில் வளராதவை, துணை உயிரியை விட்டுப் பிரியாதவை. குளோரோகுரோமேஷியம் என்று அழைக்கப்படும் கூட்டில் பச்சைக் கந்தக செல்கள் நடுவிலுள்ள நகரும் பாக்டீரியம் ஒன்றைப் போர்த்தி வாழ்கின்றன; அந்தப் பச்சை செல்களைத் தனியாக வளர்க்கவே நெடுங்காலம் பிடித்தது. இப்படிப்பட்டவற்றுக்கு மெட்டாஜீனோம் நேர்மையான வழி.

வண்டல் மட்டும் எதிர்ப்பு காட்டும். மட்கிய பொருளிலுள்ள ஹியூமிக் அமிலம் டிஎன்ஏவோடு சேர்ந்தே வந்து நொதிகளைத் தடுக்கும். இறந்த செல்களின் பழைய டிஎன்ஏவும் கலந்திருக்கும். ஒரே சிற்றினத்தின் பல வகையறாக்கள் அருகருகே இருந்தால் ஜீனோம் துண்டுதுண்டாக உடையும். மேற்பரப்பின் சில மில்லிமீட்டர்களில்தான் ஒளி எட்டும் என்பதால், அந்த அடுக்கை மட்டும் சுரண்டி எடுத்தாலே சிக்கல் பாதி குறையும். டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறும்படிப்பு வரிசையாக்கத்தில் 16எஸ் பகுதி ஜீனோமோடு சேராமல் தொலைவது வழக்கம், நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நீள்படிப்பு இங்கே கைகொடுக்கும். முழுமை 90 சதவீதத்துக்கு மேலும் மாசு 5 சதவீதத்துக்குக் கீழும் இல்லாத ஜீனோமை வைத்துப் பெயரிட முனைய வேண்டாம்.

ஊதா வகைகளில் ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே கொத்தாக, சுமார் 40 முதல் 50 ஆயிரம் காரங்களில் அமைந்திருக்கும். அந்தக் கொத்து மற்ற மரபணுக்களோடு ஒரே நீண்ட துண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித் துண்டாகக் கிடந்தால் அது பக்கத்து உயிரியின் கொத்தாகவும் இருக்கலாம். கொத்து முழுதாகவே வேறொரு தொகுதிக்குத் தாவும் என்பதற்கு 2014-ல் விவரிக்கப்பட்ட, ஜெம்மாட்டிமோனாடிட்டீஸ் தொகுதியின் ஒளிச்சேர்க்கை உறுப்பினரே சான்று.

பெயர் விஷயத்தில்: மாதிரி வளர்ப்புக்குப் பதில் ஜீனோம் வரிசையையே பெயருக்கான மாதிரியாக ஏற்கும் யோசனை 2020-ல் பழைய விதித்தொகுப்பின் குழுவில் நிராகரிக்கப்பட்டது. 2022 முதல் சீக்கோடு என்ற தனி விதித்தொகுப்பு அதை ஏற்கிறது. பழைய தொகுப்பில் இத்தகைய உயிரிக்கு கேண்டிடேட்டஸ் என்ற முன்னொட்டு மட்டுமே கிடைக்கும். உங்கள் துறையினர் எந்தத் தொகுப்பைப் பின்பற்றுகிறார்கள் என்று பார்த்தபின் தொடங்குங்கள்.

## எந்த நிலையில் எது

தட்டில் எளிதில் வளரும் கந்தகம் சாராத ஊதா பாக்டீரியா கிடைத்து, 16எஸ் 98.7-க்கு மேல் என்றால்: உடனே ஜீனோம், அது சாதகமாக வந்தால் மட்டும் பண்புச் சோதனைகள்.

16எஸ் 95-க்கும் கீழே என்றால் புதிய பேரினமே சாத்தியம். அங்கே ஜீனோமும் நிறமாலையும் மின்னணு நுண்ணோக்கியும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். எப்படியும் எல்லாம் தேவைப்படும்.

கந்தக வகை, மெதுவான வளர்ச்சி, இன்னும் துணை பாக்டீரியா ஒட்டியிருக்கிறது என்றால் நீர்த்தலைத் தொடருங்கள். கலந்த வளர்ப்பிலிருந்தே இடைக்கால ஜீனோம் எடுத்து எந்த வைட்டமின், எந்தக் கரிம மூலம் தேவை என்று கணிக்கலாம். அந்தத் துப்பை வைத்து ஊடகத்தை மாற்றினால் தூய வளர்ப்பு கிட்டுவதுண்டு. மெட்டாஜீனோம் பிரித்தெடுத்தலுக்கு மாற்றாக இருப்பதைவிட உதவியாக இருக்கும்போதே அதிகம் தருகிறது.

எந்த வழியில் போனாலும், தூய வளர்ப்பு கிடைத்த அன்றே 5 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) சேர்த்துத் திரவ நைட்ரஜனில் பல குப்பிகள் வைத்துவிடுங்கள், ஒரு குப்பியை மீட்டெழுப்பியும் பாருங்கள். சேமிப்பகங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சல்ஃபைடு கேட்கும் ஒளிச்சேர்க்கை வளர்ப்புகளை எல்லாச் சேமிப்பகங்களும் ஏற்பதில்லை. மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப உயிரியல் வளச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவைப்படும் இடங்களில், அதற்கான விண்ணப்பம் ஜீனோம் வேலைக்கு முன்பே போக வேண்டும். பிறர் பெற முடியாதபடி கட்டுப்பாடு விதித்து ஒப்படைத்த வளர்ப்பு மாதிரி வளர்ப்பாக ஏற்கப்படாது.